தோட்டத்து எல்லையில் ஒரு குதிரைவீரன்

வட சிலாங்கூரில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று இரப்பர்த் தோட்டங்களால் உருவான ஊர்களில், தோட்டத்தின் நடுவே மாரியம்மன் கோயில் இருப்பதும், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் முடிந்து மரங்கள் தொடங்கும் எல்லையில் காவல் தெய்வங்கள் நிற்பதும் பல தலைமுறைகளாக இருந்து வந்த அமைப்பாகும். அந்தக் காவல் தெய்வங்களுள் முனீஸ்வரனுக்கு அடுத்தபடியாக மக்கள் மனத்தில் பதிந்திருப்பவர் மதுரை வீரன். வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, இருபுறமும் பொம்மி, வெள்ளையம்மாள் என்னும் இரு பெண்கள் என்ற அந்தத் தோற்றத்தைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர், இடைக்கால இங்கிலாந்தின் ‘நைட்’ என்னும் குதிரைவீரனை, அதாவது வீரமும் வாய்மையும் பெண்மதிப்பும் ஒருங்கே அமைந்த பெருந்தகை வீரனை, அயல்நாட்டுக்கே உரிய ஓர் இலட்சியமாகக் கற்கின்றனர். ஆனால் அதே இலட்சியத்தின் இன்னொரு வடிவம், பால்மரக் காட்டின் ஓரத்தில், சுருட்டும் சாராயமும் ஆட்டுக்கிடாயும் படையலாகப் பெற்றுக்கொண்டு, நூறாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், மேன்மை பிறப்பால் வருவதா நடத்தையால் வருவதா, வீரனின் காவல் யார் யாருக்கு உரியது என்னும் இரு கேள்விகளில் தமிழ்க் கதை ஆங்கிலக் காவியங்களைவிடத் துணிவாகச் சென்றிருப்பது தெரியவரும்.

முதலில் ஆங்கிலக் குதிரைவீரன் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அங்கே வேரூன்றிய நிலவுடைமை அமைப்பில், அரசனிடமோ பெருநிலக்கிழாரிடமோ நிலம் பெற்று, அதற்கு ஈடாகக் குதிரையும் கவசமும் கொண்டு போருக்குச் செல்லும் கடமை பூண்டவனே நைட் ஆவான். தொடக்கத்தில் அவன் ஒரு படைத்தொழிலாளி. அவனுடைய வன்முறைக்கு ஓர் ஒழுங்கு விதிக்கத் திருச்சபையும் அரசவையும் முயன்றதன் விளைவாகவே, அவன் ஏழைக்கும் கைம்பெண்ணுக்கும் துணை நிற்க வேண்டும், சொன்ன சொல் தவறக் கூடாது, சரணடைந்தவனைக் கொல்லக் கூடாது என்னும் நெறிகள் படிப்படியாக உருவாயின. 13ஆம் நூற்றாண்டில் கத்தலான் அறிஞர் ரமோன் லூல் இந்நெறிகளைத் தொகுத்து எழுதிய நூலை, இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் கேக்ஸ்டன் 1484இல் ஆங்கிலத்தில் அச்சிட்டார். மூன்றாம் எட்வர்ட் மன்னர் 1348 அளவில் நிறுவிய கார்ட்டர் என்னும் வீரர் குழு, ஆர்தர் மன்னனின் வட்டமேசையை நினைவில் கொண்டு அமைந்ததாகும். இலக்கியம் அரசியலுக்கும், அரசியல் இலக்கியத்துக்கும் அக்காலத்தில் இவ்வாறு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாஸர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் முன்னுரையில், புனிதப் பயணிகளின் வரிசையில் முதலாவதாக வருபவன் ஒரு நைட். அவன் அலெக்சாந்திரியா முதல் லித்துவேனியா வரை போர் கண்டவன். ஆயினும் எவரிடமும் கடுஞ்சொல் பேசாதவன். அவனுடைய உடை, கவசத்தின் துரு படிந்து கறையாகியிருக்கிறது. ஆடம்பரமற்ற இந்தச் சித்திரம் பின்னாளில் வந்த பல வீரர் வருணனைகளைவிட மனத்தில் நிற்பதாகும்.

அதே காலத்தைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத ‘சர் கவேனும் பச்சை வீரனும்’ என்னும் காவியமே இவ்விலட்சியத்தை மிக நுட்பமாகச் சோதிப்பது. ஆர்தரின் அவையில் புத்தாண்டு விருந்தின்போது, உடலும் குதிரையும் பச்சை நிறமான ஒரு பெருவீரன் நுழைந்து, தன் கழுத்தை ஒருவன் வெட்டலாம் என்றும், ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அவன் வந்து தன்னிடம் பதில் வெட்டு வாங்க வேண்டும் என்றும் அறைகூவுகிறான். ஆர்தரின் வீரர்களுள் ஒருவனான கவேன் வெட்டுகிறான்; வெட்டுண்ட தலையைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சை வீரன் குதிரையேறிச் செல்கிறான். ஓராண்டு கழித்துச் சாவைத் தேடிப் புறப்படும் கவேனின் கேடயத்தில் ஐந்துமுனை விண்மீன் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தாராளம், தோழமை, தூய்மை, பண்பான நடத்தை, இரக்கம் என்னும் ஐந்து குணங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அது உணர்த்துகிறது. வழியில் தங்கிய கோட்டையின் தலைவி மூன்று நாள் அவனைத் தனிமையில் சோதிக்கிறாள். அவன் ஒழுக்கம் தவறவில்லை. ஆனால் உயிரைக் காக்கும் என்று அவள் தந்த பச்சைக் கச்சையை மட்டும், கோட்டைத் தலைவனுக்குக் கொடுத்த வாக்குக்கு மாறாக, மறைத்து வைத்துக்கொள்கிறான். இறுதியில் பச்சை வீரனின் கோடரி இருமுறை ஓங்கி நின்று, மூன்றாம் முறை கழுத்தில் சிறு கீறலை மட்டும் உண்டாக்குகிறது. அந்தக் கீறல் அவன் மறைத்த கச்சைக்கான தண்டனை. உயிர்மேல் கொண்ட ஆசையால் ஒருமுறை வாய்மை தவறியதற்காக வாழ்நாள் முழுதும் நாணி அந்தக் கச்சையை அணிந்துகொள்ளும் வீரனைப் படைத்ததே இக்காவியத்தின் பெருமையாகும்.

சர் தாமஸ் மாலரி என்பவர் சிறையிலிருந்தபடியே 1470 அளவில் எழுதி முடித்து, கேக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட ‘ஆர்தரின் மறைவு’ என்னும் உரைநடை நூல்தான் வட்டமேசைக் கதைகளை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தது. அதில் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்து திருநாளில் வீரர்கள் எடுக்கும் உறுதிமொழி ஒன்று வருகிறது: கொலை செய்யாமை, துரோகத்தை விலக்குதல், அடைக்கலம் கேட்டவனுக்கு அளித்தல், பெண்களுக்கு உதவுதல், பொருளுக்காக அநியாயப் போரில் இறங்காமை. இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று, அந்த உறுதிமொழி பட்டியலிடும் பெண்கள் சீமாட்டிகளும் கன்னியரும் உயர்குலப் பெண்களும் கைம்பெண்களுமே ஆவர் என்பது; வயலில் உழைக்கும் குடியானவப் பெண்ணைத் தனியே சொல்வதற்கு அந்த உறுதிமொழிக்குத் தோன்றவில்லை. மாலரி என்று பெரும்பாலான அறிஞர் ஏற்கும் வார்விக்ஷயர் நிலக்கிழார், கொள்ளையும் பெண்ணைக் கவர்ந்ததும் உள்ளிட்ட கடுங்குற்றங்கள் சாட்டப்பட்டுப் பல்லாண்டு சிறையில் இருந்தவர். இலட்சியத்தை எழுதிய கையும் அதை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கையும் ஒன்றே என்னும் நிலை, அந்த இலட்சியம் காகிதத்துக்கு வெளியே எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

மாலரியின் கதைகளுள் தோட்டத்துத் தமிழருக்கு மிக நெருக்கமாகத் தோன்றக்கூடியது கேரத் என்பவனின் கதை. ஆர்தரின் அவைக்கு ஓர் இளைஞன் பெயர் சொல்லாமல் வந்து, ஓராண்டுக்கு உணவு மட்டும் கேட்கிறான். அவனைச் சமையற்கட்டில் சேர்த்துவிடுகின்றனர். அழகிய கைகளை உடையவன் என்று பொருள்படும் கேலிப்பெயர் ஒன்றையும் சூட்டுகின்றனர். பின்னர் லினெட் என்னும் பெண்ணின் தமக்கையை மீட்க அவன் புறப்படும்போது, சமையற்கட்டு நாற்றம் அடிக்கிறது என்று அவளே வழிநெடுக அவனை இழித்துரைக்கிறாள். எதிர்ப்பட்ட வீரர்களை ஒவ்வொருவராக வென்றும், அவளுடைய ஏச்சுக்கு ஒரு கடுஞ்சொல்லும் பதிலாகச் சொல்லாமல் அவன் பின்தொடர்கிறான். கதையின் இந்தப் பகுதி உண்மையில் உயர்ந்தது. உழைக்கும் கையைப் பழிக்கும் வாயை எதிர்கொள்ளும் பொறுமை அதில் இருக்கிறது. ஆனால் அவனுக்கு வீரப்பட்டம் அளிக்கும், ஆர்தர் அவையின் தலைசிறந்த வீரனான லான்சலட், முதலில் அவன் பெயரையும் குலத்தையும் தனியே கேட்டறிந்த பின்னரே அதைச் செய்கிறான். சமையற்காரச் சிறுவன் உண்மையில் ஆர்க்னி அரசனின் மகன், ஆர்தருக்கே மருமகன் என்பது தெரிந்ததும் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. சமையற்காரனாகவே பிறந்த ஒருவன் அதே வீரத்தைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் கேள்வியைக் கதை தொடவே இல்லை.

தமிழில் வீரநெறி பற்றிய சிந்தனை மிகத் தொன்மையானது என்பதை இங்கே நீட்டி விளக்கத் தேவையில்லை. போர் தொடங்கும் முன் பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சேரட்டும் என்று அறிவிக்கும் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூறு பாடுகிறது. முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனையும் அதே நூல் நினைவுகூர்கிறது. கவேனின் நாணமும் பெருஞ்சேரலாதனின் நாணமும் ஒரே மண்ணில் முளைத்தவை போல இருக்கின்றன. ஆனால் மன்னர்களைவிட முக்கியமானது நடுகல் மரபு. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போரிட்டு மடிந்தவனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கத்தைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. திருவண்ணாமலைப் பகுதியின் செங்கம் நடுகற்களும், 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட மிகப் பழைய எழுத்துப் பொறிப்புள்ள நடுகற்களும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. இவற்றில் வழிபாடு பெற்றவர் பலர் அரசர் அல்லர், ஊருக்காக உயிர்விட்ட சாதாரண மனிதர் என்பதே கவனிக்கத்தக்கது. மேன்மை செயலால் வருகிறது என்னும் கருத்து, ஏட்டில் எழுதப்படுவதற்கு முன்பே, கல்லில் நடப்பட்டுவிட்டது.

நாயக்கர் காலப் பின்னணியில் எழுந்த கதைப்பாடல்கள், அதாவது கதையை நெடும்பாட்டாகப் பாடிச் சொல்லும் நாட்டார் இலக்கியங்கள், இந்த நடுகல் மரபின் தொடர்ச்சியாகும். அந்தணனாகப் பிறந்து, அருந்ததியர் குலத்து அக்காள் தங்கை இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கும் போரில் உயிர்நீத்த முத்துப்பட்டனின் கதையை நா. வானமாமலை பதிப்பித்து அறிஞர் உலகின் முன் வைத்தார். காத்தவராயன் கதையும் அவ்வாறே குல எல்லை கடந்த காதலையும் அதற்கு விதிக்கப்பட்ட கொலைத்தண்டனையையும் பேசுகிறது. இவற்றுள் கடல் கடந்து மலாயா வந்து மிகப் பரவலாக வேர்கொண்டது மதுரை வீரன் கதை.

கதையின் பரவலான வடிவம் இதுவாகும். காசி அரசனுக்குக் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை குலத்துக்கு ஆகாது என்று சோதிடர் சொன்னதால் காட்டில் விடப்படுகிறது. அருந்ததியர் குலத்துச் சின்னானும் செல்லியும் அதை எடுத்து வளர்க்கின்றனர். பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்தியபோது, ஊருக்கு வெளியே அமைத்த குடிசைக்குக் காவல் இருக்கும் கடமை சின்னானுக்கு வருகிறது. மழை கொட்டிய இரவில் தந்தைக்குப் பதிலாக மகன் காவலுக்குச் செல்கிறான். காவல் காதலாக மாற, இருவரும் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். துரத்தி வந்த பொம்மண்ணர் போரில் மடிகிறார். திருச்சிராப்பள்ளி அரசரிடம் படைப்பணி பெற்ற வீரன், அழகர்மலைப் பக்கம் வழிப்பறி செய்த கள்வர் கூட்டத்தை அடக்குவதற்காக மதுரைக்குத் திருமலை நாயக்கரிடம் அனுப்பப்படுகிறான். அந்தப் பணியை முடித்தவன், அரண்மனை நாட்டியப் பெண் வெள்ளையம்மாளை விரும்பி இரவில் அவளை அழைத்துச் செல்லும்போது பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கும்படி, அதாவது ஒரு பக்கத்துக் கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் வெட்டும்படி, அரசர் ஆணையிடுகிறார். வீரன் உயிர்விட, பொம்மியும் வெள்ளையம்மாளும் தீயில் இறங்குகின்றனர். பின்னர் அவன் தெய்வமாகி, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே இடம்பெறுகிறான். இன்றும் அங்கே அவனுக்குச் சன்னதி உண்டு.

கதை கூறும் அரசர்கள் ஒரே காலத்தவர் அல்லர். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கதைப்பாடல் திருச்சிராப்பள்ளி அரசராகச் சொல்லும் பெயரோடு பொருந்தும் விசயரங்க சொக்கநாதரோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர். இதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆர்தர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 5, 6ஆம் நூற்றாண்டுக்கு, மாலரி தம் காலத்துக் கவசத்தையும் போட்டி விளையாட்டுகளையும் ஏற்றிச் சொன்னதும் இதே வகையானதுதான். மக்கள் நினைவு ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டு அநீதியின் வடிவத்தைப் பற்றிக்கொள்கிறது.

கேரத்தின் கதையோடு இதை ஒப்பிடும்போதுதான் வேறுபாடு தெளிவாகிறது. இருவரும் அரச குலத்தில் பிறந்து தாழ்ந்த நிலையில் அறியப்பட்டவர்கள் என்பது உண்மையே. ஆனால் கேரத்தின் பிறப்பு வெளிப்பட்டதும் உலகம் அவனை அணைத்துக்கொள்கிறது. மதுரை வீரனின் காசிப் பிறப்போ அவனைக் காப்பாற்றவில்லை. அவன் வாழ்ந்ததும் காதலித்ததும் தண்டிக்கப்பட்டதும் சின்னான் செல்லியின் மகனாகவே. காசி அரசன் மகன் என்னும் தொடக்கமே, அருந்ததியர் குலத்து இளைஞன் ஒருவன் பாளையக்காரர் மகளை மணந்ததைப் பொறுக்க மாட்டாத பிற்காலத்தார் சேர்த்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கதையின் உள்கட்டமைப்பும் அக்கருத்துக்கே வலுச்சேர்க்கிறது. அந்தத் தொடக்கத்தை நீக்கிப் படித்தாலும் கதையின் எந்த முடிச்சும் அவிழ்வதில்லை; மாறாக, கதை இன்னும் கூர்மையடைகிறது. சாஸரின் ‘பாத் நகரத்து மனைவி’ சொல்லும் கதையில், ஒரு முதியவள், மேன்மை என்பது பழைய செல்வத்திலிருந்தோ முன்னோரிடமிருந்தோ வருவதன்று, நற்செயலால் வருவது என்று ஒரு நைட்டுக்கு நெடிய பாடம் நடத்துகிறாள். ஆங்கில இலக்கியம் அதைப் பேச்சாக வைத்தது. தமிழ்க் கதைப்பாடல் அதையே ஒரு மனிதனின் வாழ்வாக வைத்தது.

அரசனுக்கும் வீரனுக்கும் இடையிலான உறவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆர்தரின் அவை அழிந்தது, அரசிமேல் லான்சலட் கொண்ட காதலால் மட்டுமன்று. எரித்துக் கொல்லும் தண்டனையிலிருந்து அரசியை மீட்கும் குழப்பத்தில், தன்னிடமே வீரப்பட்டம் பெற்ற, ஆயுதமின்றி நின்ற கேரத்தை அவன் அறியாமல் வெட்டிவிட்டதால் மூண்ட பகையே அந்த அழிவை முழுமையாக்கியது. அங்கே குற்றம் எல்லாருக்கும் பகிரப்படுகிறது. மதுரை வீரன் கதையிலோ, கள்வரை அடக்கித் தன் நாட்டைக் காத்தவனையே அரசன் வெட்டச் செய்கிறான். மக்கள் வெட்டியவனை விட்டுவிட்டு வெட்டுண்டவனை வணங்குகின்றனர். சிலாங்கூர்த் தமிழரின் அண்டை அயலாரான மலாய் மக்களிடமும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. அநியாயமாகத் தண்டித்த சுல்தானுக்கும் விசுவாசமாக நின்ற ஹங் துவா உயர்ந்தவனா, நண்பனுக்கு இழைத்த அநீதிக்காகச் சுல்தானையே எதிர்த்த ஹங் ஜெபாட் உயர்ந்தவனா என்பது மலாய் இலக்கிய உலகில் நீண்ட காலமாக விவாதிக்கப்படுவது. மலாய் எழுத்தாளர் கசிம் அகமது ஜெபாட்டின் பக்கம் நின்று எழுதி 1960களில் வெளிவந்த ஆய்வு அவ்விவாதத்தைத் திசைதிருப்பியது. மதுரை வீரன், துவாவைப் போலப் பணிசெய்து ஜெபாட்டைப் போலக் கொல்லப்பட்டவன் என்று கூறலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொம்மியும் வெள்ளையம்மாளும் தம் விருப்பத்தால் எல்லை கடந்த பெண்கள்; ஆனால் கதை அவர்களுக்குத் தரும் முடிவு தீ. ஆங்கிலக் காவியங்களில் பெண் பெரும்பாலும் காக்கப்படும் பொருளாகவோ சோதிக்கும் கருவியாகவோ நிற்கிறாள் என்று குறைகூறும் தமிழ் வாசகர், தம் கதையின் இந்த முடிவையும் அதே கண்ணால் பார்க்கக் கடமைப்பட்டவர். ‘பாத் நகரத்து மனைவி’யின் கதை, ஆர்தரின் நைட் ஒருவன் ஒரு கன்னியின்மேல் வன்புணர்ச்சி செய்ததில் தொடங்கி, பெண்கள் மிகவும் விரும்புவது எது என்பதைக் கண்டறியும் தண்டனையாக வளர்ந்து, கணவன்மேலும் காதலன்மேலும் தமக்கு உரிய ஆட்சிதான் அது என்னும் விடையை அடைகிறது. இந்த ஓர் இடத்தில் சாஸர் தம் காலத்தையும் தாண்டி நிற்கிறார்.

இக்கதை ஈஜோக் வட்டாரத்துக்கு வந்த வழி தோட்டத் தொழிலின் வரலாறே ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியபோது, கோலசிலாங்கூர் மாவட்டத்தின் காடுகள் தோட்டங்களாயின. மலேசியாவின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம் தோட்டம் 1917இல் இதே மாவட்டத்தில்தான் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே என்பவரால் நடப்பட்டது. அவரே பின்னர் ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றார். இத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் எனப்பட்ட மேற்பார்வையாளர்கள் தம் ஊர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை விதிக்கும்வரை அம்முறை நீடித்தது. ஆள்களோடு தெய்வங்களும் வந்தன. சொந்த ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து புதிய இடத்தில் கோயில் எழுப்புவது வழக்கம். அவ்வாறு தாய்த்தெய்வம் நடுவிலும் காவல் தெய்வம் எல்லையிலும் அமர்ந்த தமிழ்ச் சிற்றூரின் அமைப்பு, துரை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர், வகுத்த லய வரிசைகளுக்குள்ளும் தன்னை நிறுவிக்கொண்டது. சென்னையில் அச்சான ‘பெரிய எழுத்து’க் கதைப்புத்தகங்கள், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கச் சுற்றியிருந்தோர் கேட்கும் முறையில் கதையைப் பரப்பின. திருவிழாக் காலத்தில் உறுமி மேளம் முழங்க அருள் வந்து அரிவாள்மேல் ஏறி நிற்பவரின் வாயிலும் அதே கதை பேசியது. 1956இல் டி. யோகானந்த் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மதுரை வீரன்’ திரைப்படம், பாடலாகவும் வழிபாடாகவும் இருந்ததற்கு ஒரு முகத்தையும் கொடுத்தது.

இந்த இடத்தில் ஆங்கில இலட்சியமும் தமிழ் இலட்சியமும் ஒரே நிலத்தில் நேருக்கு நேர் நின்றன என்பதை உணர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆர்தர் கதைகள் புத்துயிர் பெற்றன. டென்னிசன் 1859 முதல் வெளியிட்ட ‘அரசனின் கதைகள்’ என்னும் காவியத் தொகுதி வீடுதோறும் வாசிக்கப்பட்டது. மெலிந்தோரைக் காப்பவனே கனவான் என்னும் பாடம் பள்ளிச் சிறுவருக்கு ஊட்டப்பட்டது. அந்தச் சூழலில் வளர்ந்தவர் பலர் மலாயாத் தோட்டங்களுக்குத் துரைமாராக வந்தனர். அந்தப் பாடம் லயத்து வாசல்வரை வந்ததா என்பதற்கு 1941ஆம் ஆண்டு விடை சொல்கிறது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இரண்டு கோரிக்கைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒன்று, துரையோ, கிராணி எனப்படும் தோட்ட அலுவலரோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது; மற்றொன்று, தொழிலாளப் பெண்கள்மீதான அத்துமீறல் நிற்க வேண்டும் என்பது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

மாலரியின் உறுதிமொழி எந்தப் பெண்களைப் பெயர் சொல்லாமல் விட்டதோ, அந்தப் பெண்களுக்காக ஒரு கோரிக்கையை எழுதி முன்வைத்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். ஏறிய வண்டியிலிருந்து எவருக்கும் இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களும் அவர்களே. குதிரைமேல் அமர்ந்த தம் குலத்து வீரனை அன்றாடம் எல்லையில் கண்டு வணங்கியவர்களுக்கு, அந்த இறக்கத்தின் இழிவு எவ்வளவு சுட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அவர்கள் மதுரை வீரனை எண்ணித்தான் போராடினார்கள் என்று சொல்ல ஆவணம் தேவை. ஆனால் வீரம், மானம், பெண்ணின் காவல் என்னும் சொற்களுக்கு அவர்கள் எந்த இங்கிலாந்துப் பள்ளியிலும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பது உறுதி. ஈராண்டுக்குப்பின் 1943இல் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சிராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்து தாமே துப்பாக்கி ஏந்தினர். பொம்மிக்கும் வெள்ளையம்மாளுக்கும் கதைப்பாடல் தர மறுத்த ஒன்றை அந்தப் பெண்கள் தாமாக எடுத்துக்கொண்டனர்.

இன்று ஈஜோக்கைச் சுற்றி இரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டுவிட்டது. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விடுகிறது. புஞ்சாக் அலாம் போன்ற புதிய நகரங்கள் தோட்ட நிலத்தில் எழுந்துள்ளன. லயம் காலியாகும்போது கோயிலும் இடம் மாறுகிறது, அல்லது பெரிய கோயிலோடு சேர்க்கப்படுகிறது; அவ்வாறு சேரும்போது சுருட்டும் கிடாய்ப் படையலும் விலக்கப்பட்டு, மதுரை வீரன் பரிவார தெய்வங்களுள் ஒருவராக அமைதியாக ஒதுக்கப்படுவதும் உண்டு. தெய்வம் எந்த முறையில் வழிபடப்பட வேண்டும் என்பதை வழிபடுவோரே முடிவு செய்யட்டும். ஆனால் கதை தொலைந்துபோவது வேறு. சின்னானும் செல்லியும் யார், மாறுகால் மாறுகை ஏன் வாங்கப்பட்டது என்பதை அறியாமல் குதிரைமேல் ஒரு சிலையை மட்டும் வணங்கும் தலைமுறை உருவாவது, பச்சைக் கச்சையின் காரணம் தெரியாமல் அதைக் கட்டிக்கொண்டு திரிவதற்கு ஒப்பாகும்.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயிலும் மாணவரும், ஈஜோக், துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ் போன்ற இடங்களில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியரும் இதற்கு ஒன்று செய்யலாம். தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களிடம் மதுரை வீரன் கதையைச் சொல்லச் சொல்லி, பாடத் தெரிந்தவரைப் பாடச் சொல்லி, எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்தது என்னும் விவரங்களோடு ஒலிப்பதிவு செய்து வையுங்கள். காசிப் பிறப்பு வரும் வடிவத்தையும் வராத வடிவத்தையும் திருத்தாமல் அப்படியே பதியுங்கள். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.